தைலம் விற்றவன் தலை

தலைமுடித் தைலம் விற்கிறவனுக்குத் தலைதான் கடை. அந்தக் கடைக்குக் கூரை போய்விட்டால் வியாபாரம் எப்படி நடக்கும், நீங்களே சொல்லுங்கள்.

காலையில் சீப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறவர்களே, குளித்து முடித்ததும் கீழே குனிந்து பார்க்காமல் வெளியே வந்துவிடுகிறவர்களே, காதோரம் மிச்சமிருக்கும் நாலு முடியை உச்சிக்கு இழுத்து வாரி ஊரை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களே! உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அடர்ந்த தலைக்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான்.

அறுபதுகளின் கடைசியில் திருப்பூரிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் ஐந்து வருஷம் சைக்கிளில் தைலம் விற்றேன். அதில் பாதிக் காலம், விற்ற பொருளுக்கு நானே எதிர்ப்பிரசாரமாக நடமாடிக்கொண்டிருந்தேன்.

இழுத்துப் பாருங்க

எங்கள் வீட்டில் தறி ஒன்று, அதை நம்பி இருந்த வயிறு ஆறு. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குப் பாடம் காலை வாரிவிட்டதும், "எங்கியாவது ஒரு வேலையைப் பாரு" என்று அப்பா சொல்லிவிட்டார். திருப்பூர் ராயபுரத்தில் ஒரு நாட்டு வைத்தியர் சொந்தமாகத் தைலம் காய்ச்சிப் புட்டியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார். கருமேகத் தைலம் என்று பெயர். லேபிளில் ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்பாள்; கூந்தல் முழங்கால் வரை தொங்கும். சைக்கிளில் போய் விற்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

என்ன படித்தாய், யார் வீட்டுப் பையன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "குனி கண்ணு" என்றார். குனிந்தேன். இரண்டு கையாலும் என் முடியைக் கொத்தாகப் பிடித்து, கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரி இழுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, அவர் கையில் ஒரு முடி வரவில்லை. அப்போதெல்லாம் எனக்கு அப்படி ஒரு தலை. சீப்பு உடையுமே தவிர உள்ளே போகாது! அங்கேயே வேலை முடிவாகிவிட்டது.

விற்கிற முறையையும் அவரே சொல்லிக்கொடுத்தார். போகிற இடத்தில் தலையைக் குனிந்து நீட்டி, "நான் இந்தத் தைலம்தானுங்க போடறேன், நம்பிக்கை இல்லீன்னா இழுத்துப் பாருங்க" என்று சொல்ல வேண்டும். அந்தத் தைலத்தை நான் அதுவரை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. அதை யார் கேட்டார்கள்? சைக்கிளில் பெட்டியைக் கட்டிக் கிளம்பும்போது வைத்தியர் சொன்னார்: "உன்ற வாயைப் பார்த்து நான் வேலை குடுக்கலை கண்ணு. இந்த முடி இருக்கிற வரைக்கும் உனக்கு இங்க வேலை இருக்குது."

கையோடு வந்தது

இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. பனியன் கம்பெனி வாசல், சாயப்பட்டறை, சந்தை, மில் என்று எங்கே போனாலும் என் தலைக்கு ஒரு கூட்டம் கூடும். இழுப்பார்கள், வாய் பிளப்பார்கள், வாங்குவார்கள். திருப்பூரில் என் முடியை இழுத்துப் பார்க்காத கை குறைவு.

மூன்றாம் வருஷம், பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு ஜின்னிங் பேக்டரி. மத்தியானச் சாப்பாட்டு நேரம். பருத்தி அரைக்கிற இடம் என்பதால் அங்கே வேலை செய்கிற பெண்கள் தலையெல்லாம் பஞ்சு ஒட்டி, இருபது வயசுக்காரிகூட அறுபது மாதிரி இருப்பாள். வழக்கம் போலக் குனிந்து, "இழுத்துப் பாருங்க அம்மிணி" என்றேன். ஒரு நடுத்தர வயசு அம்மாள் சோற்றுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, பயபக்தியோடு பிடித்து இழுத்தாள். இழுத்த கை அப்படியே நின்றுவிட்டது. நான் மெதுவாக நிமிர்ந்து பார்த்தேன். அவள் விரலிடுக்கில் ஒரு கொத்து முடி.

பாவம், அந்த அம்மாள் என்னைவிடப் பயந்துபோயிருந்தாள். ஏதோ கண்ணாடிச் சாமானைக் கை தவறி உடைத்துவிட்டவள் மாதிரி முகம் வெளுத்து, அந்தக் கொத்தை என் முன்னால் நீட்டிச் சொன்னாள்: "ஐயோ சாமி, நான் மெல்லத்தானுங்க இழுத்தேன்! இது மறுக்கா வெச்சா ஒட்டிக்குமுங்களா?"

ஆளுக்கொரு காரணம்

அதற்கப்புறம் தலையைக் குனிவதை நிறுத்திவிட்டேன். "இப்பெல்லாம் இழுக்கறதில்லீங்க, கழுத்து வலி" என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் காரணம் தெரிய வேண்டாமா? தைலம் விற்கிறவனே எனக்கு முடி கொட்டுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது! அதனால் ஒரு சிநேகிதனைக் கற்பனையில் உண்டாக்கிக்கொண்டேன். "என்ற சிநேகிதன் ஒருத்தனுக்கு முடி கொட்டுதுங்க" என்று ஆரம்பிப்பேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிடுவார்கள்.

சலவைப்பட்டறைக்காரர், "பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணியில குளிச்சிருப்பான்" என்றார். அவரே இடுப்பளவு பிளீச்சிங் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். தலையில் முடி காடாக இருந்தது. டீக்கடைக்காரர், "வெசனமுங்க, மனசுல வெசனம் இருந்தா நிக்காது" என்றார். எனக்கு இருந்த ஒரே வெசனம் முடி கொட்டுகிறதே என்பதுதான். இன்னொருத்தர் உடம்புச் சூடு என்று சொல்லி, வாரம் இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். எந்த எண்ணெய் என்று கேட்டேன். என் பெட்டியைக் கை காட்டினார்.

கடைசியில் மானத்தைப் பார்க்காமல் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டைபாய்டு வந்ததா, பேதி வந்ததா, சரியாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். நோயும் வரவில்லை, சாப்பாட்டிலும் குறை இல்லை என்றேன். "யாராவது முடியைப் பிடிச்சு இழுப்பாங்களா?" என்றார். தினமும் நாற்பது ஐம்பது பேர் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. அப்புறம், "வீட்டுல யாருக்கெல்லாம் வழுக்கை?" என்று கேட்டார். அப்பா, பெரியப்பா, சித்தப்பா, அம்மாவைப் பெற்ற அப்புச்சி என்று விரலை மடக்கிக்கொண்டே போனேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்புறம் எதுக்குப்பா இங்க வந்து உக்காந்திருக்கே? நேரா போட்டோ ஸ்டுடியோவுக்குப் போ. இருக்கும்போதே ஒண்ணு எடுத்து வெச்சுக்கோ."

வெங்காயம்

டாக்டர் சொன்னால் விட்டுவிடுவோமா நாம்? அவர் ஊசி போடாததாலேயே அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

பொங்கலூரில் ஒரு தோட்டத்துக்காரர், என் உச்சியில் விழுந்திருந்த வட்டத்தை எப்படியோ பார்த்துவிட்டார். "இது புழுவெட்டுங்க. சின்ன வெங்காயத்தைப் பச்சையா நறுக்கிப் பரபரன்னு தேய்ங்க. ஒரு மண்டலத்துல முளைக்கலீன்னா என்ற பேரை மாத்திக்கறேன்" என்று சொல்லி, களத்தில் காய்ந்துகொண்டிருந்த வெங்காயத்தில் ஒரு பை அள்ளிக் கொடுத்தார். நாற்பத்தெட்டு நாள் தேய்த்தேன், ஐயா. எரிச்சலில் கண்ணீர் வரும், மூக்கொழுகும், தலை தக்காளிப்பழம் மாதிரி சிவக்கும். முடி மட்டும் வராது. நாற்பத்தொன்பதாம் நாள் அந்தத் தோட்டத்துக்காரரைப் பார்க்கப் போனேன். பேரை மாற்றிக்கொள்ளவில்லை. "வெங்காயம் பழசா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

வைத்தியர் வீட்டில் ராசு அண்ணன் என்று ஒருத்தர். தைலத்தைப் புட்டியில் ஊற்றி, மூடி போட்டு, லேபிள் ஒட்டுவது அவர் வேலை. என் கஷ்டம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தெரிந்தும் யாரிடமும் சொல்லாத பெரிய மனசு. ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்காது. அந்த நாற்பத்தெட்டு நாளும் நான் பக்கத்தில் போய் நின்றால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொல்வார்: "சண்முகம், நீ வந்தாலே எனக்குப் பழைய சோத்து ஞாபகம் வந்துருதப்பா."

டெய்லர்

பனியன் கம்பெனி ஒன்றில் தையல் மெஷினில் உட்காருகிற ஒரு டெய்லர், மாதம் தவறாமல் என்னிடம் ஒரு புட்டி வாங்குவார். அவருக்கு நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. இரண்டு வருஷமாக வாங்குகிறார், ஒரு முடி முளைக்கவில்லை, ஒரு வார்த்தை குறை சொன்னதும் இல்லை. எனக்கே மனசு உறுத்த ஆரம்பித்துவிட்டது.

ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "ஏனுங்க, உங்களுக்கு இந்தத் தைலத்துல ஏதாச்சும் குணம் தெரியுதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. "தலைக்கு மொத மாசமே நிறுத்திப்போட்டனுங்க" என்றவர், மெஷினை அன்பாக ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு சொன்னார்: "இதுக்குத்தானுங்க ஊத்தறேன். சத்தமே இல்லாம என்னமா ஓடுதுங்கறீங்க! ஒரு மாசம்கூட வராம இருந்துறாதீங்க."

வெள்ளைப் பனியனில் வட்டம்

வெள்ளைப் பனியன் தைக்கிற ஊரில் எண்ணெய் விற்பது என்ன மாதிரிப் பிழைப்பு என்று எனக்கு உறைத்தது வேலுச்சாமி மாமாவால்தான். அப்போது மாமா இல்லை; வெறும் வேலுச்சாமி. ஒரு கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். எங்களைப் போலவே தறிக்குழியிலிருந்து எழுந்து பனியன் கம்பெனிக்கு வந்த குடும்பம், பெருமாநல்லூரில் வீடு. முருகன் என்று சொன்னால் உருகிப்போவார். தலையில் எப்போதும் உருமால் கட்டியிருப்பார். என்னிடம் மாதம் ஒரு புட்டி வாங்குவார். அந்த உருமாலுக்குள் என்ன நிலவரம் என்று யாரும் பார்த்ததில்லை.

அந்தக் கம்பெனியில், தைத்து வந்த பனியன்களில் நூல் பிசிர் வெட்டுவதற்குப் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் பேக்கிங்குக்கு வந்த பனியன் ஒவ்வொன்றிலும் விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் வட்டம். மெஷின் எண்ணெய் என்று டெய்லர்களுக்கு வசவு விழுந்தது. வேலுச்சாமி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். அவருக்குப் பழகிய வாசனை. விசாரித்தால், முந்தின நாள் நான் விற்ற பத்துப் பதினைந்து புட்டியைப் பிசிர் வெட்டுகிற பெண்கள் வாங்கி, ஆசை ஆசையாய்த் தலை நனைய அப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வேர்வை வழிய வழியத் தலையை ஒரு தடவு, பனியனை ஒரு தடவு. அவ்வளவு பேரையும் அன்றைக்கு வேலை இல்லை என்று வெளியே அனுப்பிவிட்டார் மனுஷன். அந்த வரிசையில் அவருடைய மகள் மரகதமும் உண்டு. அவளையும்தான் அனுப்பினார்.

இதெல்லாம் தெரியாமல் நான் சிரித்த முகத்தோடு சைக்கிளை நிறுத்துகிறேன். எல்லாப் பெண்களும் என்னைச் சுட்டுவிடுவது போலப் பார்த்தார்கள். மரகதம்தான் முன்னால் வந்தாள். கோபமாகக்கூட இல்லை, கணக்குச் சொல்கிற வாத்தியார் மாதிரி நிதானமாகச் சொன்னாள்: "முடி கொட்டறது நிக்குமான்னு இன்னும் தெரியலீங்க. எங்க வேலை ஒரே நாள்ல நின்னு போச்சு."

பாதி எங்கே?

அந்த வாயை மறுபடி கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசையாகிவிட்டது. மறைப்பானேன், அன்றைக்கே மனசில் விழுந்துவிட்டாள். ஆனால் எந்தத் தலையோடு போய்ப் பெண் கேட்பது? உச்சி வட்டம் முன் நெற்றியோடு போய்க் கலந்துவிட்டிருந்தது. எந்த நேரமும் வைத்தியர் கண்ணில் பட்டு வேலை போகலாம். வேலையும் இல்லாமல் முடியும் இல்லாமல் போய் நின்றால் எவன் பெண் கொடுப்பான்?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டால்? மொட்டையில் வழுக்கை எது, வழித்தது எது என்று யாருக்குத் தெரியும்! தைப்பூசத்துக்குப் போனேன். திரும்பி வந்து, "வருஷத்துக்கு நாலு தடவை முடி தர்றதா முருகனுக்கு வேண்டுதலுங்க" என்று வைத்தியரிடம் சொன்னேன். முருகன் பேரைக் கேட்டதும் அவர் வாயை மூடிக்கொண்டார். வைகாசி விசாகம், ஆடிக் கிருத்திகை, கந்த சஷ்டி என்று வரிசையாகப் போனேன். நடுவில் முடி முளைக்கிற நாட்களில் உருமால். இதில் அக்கிரமம் என்னவென்றால், முன்னைக்கு இப்போது தைலம் கூடுதலாக விற்றது. தலையில் சந்தனத்தோடு போய் நின்றால் போதும். "பழனிக்கு நடையா நடக்கற பையன், பொய் சொல்லாது" என்று வாங்கினார்கள். எனக்கு உள்ளூரக் கூசியது. கூசிக்கொண்டே விற்றேன்.

பழனியில் முடி எடுக்கிறவரிடம் மட்டும் என் ஜம்பம் பலிக்கவில்லை. மூன்றாவது தடவை போனபோது தண்ணீரைத் தடவிவிட்டு, கத்தியை வைக்க இடம் தேடுகிறவர் மாதிரி என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். அப்புறம் மரியாதையாகக் குனிந்து என் காதில் கேட்டார்: "ஏனுங்க, வர்ற வழியில வேற ஏதாச்சும் கோயில்ல பாதியக் குடுத்துட்டு வந்தீங்களா?"

மாப்பிள்ளை

கந்த சஷ்டி முடிந்து, நாலாவது மொட்டையோடு நான் ஊர் வந்து சேர்ந்த மறுவாரம், வேலுச்சாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். சொந்தக்காரர்கள் இரண்டு பேரைக் கூட அழைத்து வந்திருந்தார். "இந்தக் காலத்துல இத்தனை பக்தியா ஒரு பையனை நான் பார்க்கலீங்க. என்ற பொண்ணு மரகதத்தைக் குடுக்கலாம்னு இருக்கேன்" என்று அப்பாவிடம் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தட்டு மாற்றினார்கள். தை மாசம் கல்யாணம் என்று முடிவாகியது. எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது என் மொட்டைத் தலையை வாஞ்சையாகப் பார்த்துவிட்டு மாமா சொன்னார்: "ஒண்ணே ஒண்ணுங்க மாப்பிள்ளை. மொட்டைத் தலையோட மணவறையில உக்காரக் கூடாது. கல்யாணம் முடியற வரைக்கும் பழனி வேண்டாம். நல்லா முடி வளத்துட்டு வாங்க."

ராசு அண்ணன் சொன்னது

போதாக்குறைக்கு, கல்யாணச் சேதி கேட்ட வைத்தியருக்கு அபாரமான யோசனை ஒன்று வந்துவிட்டது. என்னை ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு போய் மொட்டைத் தலையோடு ஒரு போட்டோ எடுத்தார். கல்யாணத்துக்கு முன்னால் முடியோடு இன்னொன்று எடுப்பாராம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கருமேகத் தைலத்தால் மூன்றே மாதத்தில் என்று நோட்டீஸ் அடிப்பாராம். ஆகக்கூடி, தை மாசத்துக்குள் எனக்கு முடி முளைத்தாக வேண்டும். முளைத்தால் வேலையும் பெண்ணும். முளைக்காவிட்டால் இரண்டும் இல்லை.

முங்குகிறவனுக்கு யோசனை ஏது? வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஐந்து வருஷமாக நான் விற்ற தைலத்தை எனக்கென்று இரண்டு புட்டி கேட்டேன். ராசு அண்ணன் தைல வாளியிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த மனுஷன் கிண்டல் செய்யாமல் பேசியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "வேண்டாம் சண்முகம்" என்றார். "இதுல ஏதாச்சும் இருந்தா நான் உனக்குச் சும்மாவே குடுத்திருக்க மாட்டனா? ஊத்தறவன் நான்தானே!"

இரண்டாவது போட்டோ

அப்படியும் தேய்த்தேன். மார்கழிப் பனியில் விடியக்காலையில் தேய்த்தேன், மத்தியானம் தேய்த்தேன். காதுக்கு மேலேயும் பிடரியிலும் பயிர் அமோகமாக வந்தது. நடுவில் மட்டும் மழை பெய்யாத காடு. தை பிறப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது வைத்தியர் கேமராக்காரரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார். எண்ணெய், சீப்பு, பின்னால் தொங்கவிட நீலத் துணி எல்லாம் தயார். "உருமாலைக் கழட்டு கண்ணு" என்றார்.

கழற்றினேன். கேமராக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து என்னைப் பார்த்தார். வைத்தியர் என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டிச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "இதை முன்னாடியும் மொட்டையைப் பின்னாடியும் போட்டாக்கூட விக்காது கண்ணு. நீ போய்ட்டு வா."

உருமால்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் பெருமாநல்லூருக்குச் சைக்கிளை மிதித்தேன். யாராவது போய்ச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. போகிற வழியெல்லாம் அழுகை முட்டியது. தை மாசம் பிறக்கப் போகிறது, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது.

மாமா ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், உட்கார்ந்து பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். "வாங்க மாப்பிள்ளை" என்றார். உட்காராமலே உருமாலைக் கழற்றினேன். "எனக்கு முடி இவ்வளவுதானுங்க மாமா. இதனால வேலையும் போயிருச்சுங்க."

அவர் என் தலையைப் பார்த்தார். "வேலை போறது, வேற வேலை வருது, அதை உடுங்க" என்றார். "அந்தத் தைலத்துல ஒண்ணும் இல்லீன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மூணு வருஷமாத் தெரியுமுங்க."

தன் உருமாலைக் கழற்றி மடியில் வைத்தார். எங்கள் இரண்டு தலைக்கும் அப்படியொன்றும் வித்தியாசம் இல்லை. "நான் நாலு வருஷமாத் தேய்க்கறேனுங்க" என்றார். அந்த நிமிஷம் எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே, அது வழுக்கையால் வந்ததில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "மொட்டை போட்டது வேண்டுதல் இல்லீங்க மாமா. வழுக்கையை மறைக்கத்தானுங்க போட்டேன்" என்று அதையும் சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து அத்தை "முருகா" என்றது கேட்டது. மாமா கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்தார். தலையைப் பொறுத்தவர் இதைப் பொறுக்க மாட்டார், கல்யாணம் இத்தோடு சரி என்று நினைத்தேன்.

"பழனிக்குப் போனதும் பொய்யிங்களா?"

"இல்லீங்க. நாலு தடவையும் படியேறிக் கும்பிட்டுட்டுத்தான் வந்தேனுங்க."

"கும்பிடறப்போ என்ன கேட்டீங்க?"

"மொத மூணு தடவை முடி வளரோணும்னு கேட்டேனுங்க." உருமாலைக் கையில் சுருட்டிக்கொண்டேன். "கடைசித் தடவை முடியைக் கேக்கலீங்க. மரகதத்தைக் கேட்டேனுங்க."

மாமா மஞ்சள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பா, கோபமா, ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "நீங்க முடியைக் குடுத்தீங்க, முருகனும் வாங்கிக்கிட்டாரு. ரெண்டுல ஒண்ணுதான் தர முடியும்னு அவரு முடிவு பண்ணியிருந்தா, நடுவுல நான் யாருங்க?" என்று சொல்லிவிட்டு, அடுத்த பத்திரிகையை எடுத்து மஞ்சள் தடவினார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து, அதே கணக்கு வாத்தியார் நிதானத்தோடு மரகதத்தின் குரல் வந்தது: "அப்பா, மிச்சம் இருக்கிறதையாச்சும் இனி யாருக்கும் குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

முடி ஏன் கொட்டுகிறது என்று இன்றைக்கும் யாராவது என் தலையைப் பார்த்துவிட்டுக் கேட்டால், காரணம் எனக்குத் தெரியாது, கொட்டாமல் இருந்திருந்தால் நான் இன்னும் தைலம்தான் விற்றுக்கொண்டிருப்பேன் என்பது மட்டும் தெரியும் என்று சொல்லிவிட்டு, பேக்கிங் செக்‌ஷனில் மாமா ரிட்டயரானபோது எனக்கு விட்டுப்போன சூப்பர்வைசர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வேன்.